எங்கள் மனசை அளக்க வேண்டாம், நோயாளியின் முதுகைப் பாருங்கள்

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நம் தொண்டர் குழுவின் நிர்வாகிகளுக்கு,

அலுவலகச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். இனி தொண்டர்களுக்குப் பஸ் காசும் ஆட்டோ காசும் கிடையாது. நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும்போது கிடைக்கிற சாயாவும் பழம்பொரியும் நிறுத்தம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருடக் கடைசியில் கொடுத்துவந்த சான்றிதழும் இல்லை. இதையெல்லாம்கூட நிதி நெருக்கடி என்று நினைத்து விட்டிருப்பேன். என்னைச் சும்மா இருக்க விடாதது அதன் கடைசிப் பத்தி. 'எந்தப் பலனையும் எதிர்பாராமல், தன்னலம் சிறிதும் இன்றி இந்தச் சேவைக்கு வருகிறேன்' என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாதவர்கள் இனி வர வேண்டாமாம்.

நான் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

கூட்டத்தில் இதைப் பேச எழுந்தேன். "சேவை மனசு இல்லாதவங்கதான் காசப் பத்திப் பேசுவாங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னார். பேச்சு அத்தோடு முடிந்தது. அப்படி ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு யார் வாய் திறப்பார்கள்? அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன். ரத்த தானம் ஒருங்கிணைக்கிறவர்கள், கடற்கரை ஊர்களில் மீட்பு வேலைக்கு ஓடுகிறவர்கள், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் இந்தப் பேச்சை எங்கேயாவது கேட்டிருப்பார்கள்.

நான் எதற்கு வருகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன் நான். விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, ஷீட் அடித்து முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். அதற்கு மேல் எனக்கு நேரம் உண்டு. என் மனைவி புற்றுநோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில் அவள் முதுகில் புண் வைத்தது. எப்படிப் புரட்டுவது, எப்படித் துடைப்பது, விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் எப்படி இழுத்துப் போடுவது, ஒன்றும் தெரியாமல் நின்ற வீட்டுக்குள் இந்தக் குழுவின் ஆட்கள்தான் வந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். புண் முழுசாக ஆறவில்லை. ஆனால் பெருகவில்லை, நாற்றம் நின்றது. அவள் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தாள். அவள் போன பிறகு மத்தியானத்துக்கு மேல் அந்த வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. மழைக்காலத்தில் வெட்டு இல்லாமல் நாள் முழுக்க வீட்டில் கிடப்பது இன்னும் கொடுமை. அதனால்தான் வந்தேன். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணமும் இருந்தது, வெறும் வீட்டிலிருந்து தப்பிக்கிற எண்ணமும் இருந்தது. பத்துகாணிப் பக்கம் படுக்கையில் கிடக்கிற ஒரு அம்மா, நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே "வந்தியா மக்கா" என்று கேட்கிறார். என்னை எதிர்பார்த்து ஒரு குரல் இருக்கிறது. அது எனக்கு வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'தன்னலம் சிறிதும் இன்றி' என்று எழுதிக் கொடுத்தால் அது பொய். படுக்கையில் இருப்பவரிடம் பொய் சொல்லாதே என்று எனக்குக் கற்றுக்கொடுத்த குழுவுக்கு நான் பொய் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

என்னை விடுங்கள், மற்றவர்களையும் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருகிறார். நாற்பது வருடம் தினமும் போக ஓர் இடம் இருந்த மனிதருக்கு இப்போது இதுதான் அந்த இடம். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அவன் வயசுப் பையன்கள் படுத்திருக்கிற வீடுகளையே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். தங்கள் அன்பியத்திலிருந்து, அதாவது சர்ச்சின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவிலிருந்து, எல்லோரும் கிளம்பும்போது தான் மட்டும் வீட்டில் இருப்பது சரியில்லை என்று வந்தவர்கள் உண்டு. புண்ணியம் சேரும் என்று வருகிறவர்கள் உண்டு. புண்ணியத்தை நம்பி வருகிறவரும் எதிர்பார்ப்போடுதான் வருகிறார். அந்தக் கணக்கு இந்த உலகத்தில் தீராது, அவ்வளவுதான் வித்தியாசம். அவரிடம் நீங்கள் ஒன்றும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அப்படியென்றால் ஆட்டோ காசு கேட்டவரிடம் மட்டும் ஏன் மனசுக்குச் சான்று கேட்கிறீர்கள்?

அதற்காக, உலகத்தில் எல்லாமே சுயநலம்தான், சேவை என்பது வெளிவேஷம் என்று பேசுகிறவர்களோடும் நான் சேர மாட்டேன். நம் குழுவிலேயே சில இளைஞர்கள் இப்படிப் பேசுகிறார்கள். உதவி செய்தால் மனசுக்குச் சந்தோஷம், அந்தச் சந்தோஷத்துக்காகத்தானே செய்கிறோம், அப்போது அதுவும் சுயநலம்தானே என்கிறார்கள். கேட்கச் சரி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவருடைய வலி குறைந்ததில் எனக்கு நிம்மதி வருகிறது என்றால், அவருடைய வலி அதற்கு முன்பே எனக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்க வேண்டும். அவர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று இருக்கிறவனுக்கு அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வரும்? அக்கறை முதலில் இருக்கிறது, நிம்மதி அதன் பின்னால் வருகிறது. நிம்மதி கிடைக்கிறது என்பதற்காக அக்கறையைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரே மனசுக்குள் அடுத்தவர் மேல் அக்கறையும் தனக்கு ஒரு தேவையும் சேர்ந்தே இருக்கும். மனுஷனாகப் பிறந்த யாரிடமும் இதைப் பிரித்து எடுக்க முடியாது. நீங்கள் கேட்கிற கையெழுத்து அதைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது.

நம் ஊரின் சேவை வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு நம் ஆட்கள் தினமும் போய்வருகிறார்கள். அதற்கு ஏன் சோமர்வெல் பெயர் வைத்தார்கள்? ஹோவர்ட் சோமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயக் குழுவில் இருந்த அறுவை மருத்துவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவு விழுந்து சுமை தூக்க வந்த ஏழு பேர் இறந்தார்கள். தங்களில் ஒருவர்கூட அவர்களோடு சாகவில்லையே என்ற வேதனை தன்னை வாட்டியதை அவரே எழுதியிருக்கிறார். பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூர் வந்தவர், மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை உதறிவிட்டு இங்கேயே வந்துவிட்டார். பல வருடங்கள் நம் ஜனங்களின் வயிற்றுப் புண்ணுக்கு அறுவை செய்தார். நடுவில் 1924-ல் மறுபடியும் எவரெஸ்ட் போனார், மலை மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. அவரை அனுப்பிய மிஷனுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது. அவருக்குள் விசுவாசமும் இருந்தது, இறந்தவர்களைப் பற்றிய வேதனையும் இருந்தது. இதில் எது எத்தனை பங்கு என்று யார் பிரித்துச் சொல்வது? வயிற்று வலி தீர்ந்து நெய்யூரிலிருந்து நடந்து வீட்டுக்குப் போன மனுஷனுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

இன்னொன்று, இது நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்துக் கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களைத் தூக்கிவந்தார்கள். அந்த அரசு ஒவ்வொரு வள்ளத்துக்கும் நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகவும், சேதமான வள்ளங்களைச் சரிசெய்து தருவதாகவும் அறிவித்தது. தினப்பணம் வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் இருந்தார்கள். அது அவர்கள் பெருமை. ஆனால் வள்ளம் உடைந்தவனுக்கு அதைச் சரிசெய்து கொடுத்ததால் அவன் செய்தது சேவை இல்லை என்று ஆகிவிடுமா? மறுநாள் அந்த வள்ளத்தில்தானே அவன் கடலுக்குப் போக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் தங்கள் சொந்தப் படகுகளிலேயே தேடிப் போனார்கள். காணாமல் போனவன் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரன். தன்னலம் இல்லாமலா போனார்கள் என்று அந்தக் கரையில் போய் யாராவது கேட்க முடியுமா?

காசு எங்கே நுழைந்தால் கெடுக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ரத்தத்தை விற்கிறவர்களை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். காரணம் நியாயமானது. காசுக்காக வருகிறவன் தன் நோயை மறைப்பான், அந்த ரத்தம் வாங்கியவனைக் கொல்லும். ஆனால் அதே ரத்த தான முகாமில் கொடுத்தவருக்கு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள். யாரும் அதை விலை என்று சொல்வதில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் தொடங்கியது. எனக்காக இல்லை, உனக்காக என்பதுதான் அதன் முழக்கம். அப்படி முழங்குகிற திட்டமே இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் என்று கணக்கு வைத்துப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. நம் அரசு 2021-ல் ஆரம்பித்த இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்தவர்களைத் தன்னார்வலர் என்றுதான் அழைத்தார்கள். அவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. நாங்கள் கேட்பது அதுகூட இல்லை. கூலி வேண்டாம். கைக்காசு போகாமல் இருந்தால் போதும்.

கைக்காசு போவது யாருக்கு என்று கொஞ்சம் பாருங்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். மீன் விற்கிறவர். அதிகாலையில் கரையில் மீன் எடுத்து, தலைச்சுமையாக ஊர் ஊராக விற்பார். நம்மோடு வருகிற நாளில் பாதி விற்பனையோடு கூடையை இறக்கிவிட்டு வருவார் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. படுக்கையில் இருக்கிற பெண்களைக் குளிப்பாட்டுவதில் அவருக்கு இணை நம்மில் யாரும் இல்லை. வெட்கப்பட்டு அழுகிற அம்மாக்கள்கூட அவர் கையில் அமைதியாக இருப்பார்கள். தலைமுடிச் சிக்கை எடுக்கிற சாக்கில் ஒரு மணி நேரம் பேச விடுவார். நர்ஸிடம் சொல்லாத வலியை அவரிடம் சொல்வார்கள். அவர் வந்து சொன்ன பிறகு மருந்து அளவு மாறிய வீடுகள் உண்டு.

அவர் கேட்டது பஸ் ஸ்டாப்பிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஆட்டோ காசு. "பொம்பளைகளுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே" என்று பதில் சொன்னீர்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், உண்மைதான். அந்தப் பஸ் நோயாளியின் வாசலில் போய் நிற்பதில்லை. களியலுக்கும் கடையாலுமூட்டுக்கும் அந்தப்புறம் ரப்பர் காட்டுக்குள் இருக்கிற வீடுகளுக்கு, பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் தூரமே ஆரம்பிக்கிறது. பேசினையும் துணியையும் பஞ்சையும் சுமந்துகொண்டு, காலையிலிருந்து மீன்கூடை சுமந்த அதே உடம்பு அந்த மேட்டை ஏற வேண்டும். அறிவிப்பு ஒட்டிய பிறகு அவர் வரவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னபோது, "நான் காசுக்கு வந்தவளா?" என்று மட்டும் கேட்டாராம். அவர் போய்வந்த வீடுகளில் இப்போது என்னிடம் அவரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் ஆண். அந்த அம்மாக்களை என்னால் குளிப்பாட்ட முடியாது.

நர்ஸிங் படிக்கிற இரண்டு பிள்ளைகள் சான்றிதழுக்காக வந்தார்கள் என்று கூட்டத்தில் குத்திக்காட்டினீர்கள். சான்றிதழுக்காகத்தான் வந்தார்கள், அவர்களே அதை மறைக்கவில்லை. ஆனால் வந்த இடத்தில் என்ன செய்தார்கள்? முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது நம் நர்ஸுக்குத் துணையாகக் கை நடுங்காமல் நின்றார்கள். பரீட்சை முடிந்த பிறகும் வந்தார்கள். வேலைக்குப் போகிற இடத்தில் காட்ட அவர்களுக்கு அந்தத் தாள் வேண்டும். வீட்டில் கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் சேவையில் அந்தத் தாள் எதைக் கெடுத்தது?

இப்போது கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று பாருங்கள். பென்ஷன் வருகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், சொந்த வண்டி உள்ளவர்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள், அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களால் எளிதாக எழுத முடிந்ததற்குக் காரணம் அவர்கள் மனசு எங்களைவிடச் சுத்தம் என்பதா? ஒரு மத்தியானம் போனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது நிற்காது, அதுதான் காரணம். தன்னலம் இல்லாதவர்கள் மட்டும் வாருங்கள் என்று சல்லடை போட்டால் சலித்து மேலே நிற்பது வசதிதான். கீழே விழுந்துபோவது, நம் நோயாளிகளைப் போலவே வாழ்கிறவர்கள், அவர்கள் பாஷையில் பேசத் தெரிந்தவர்கள்.

சேவை என்ற சொல்லைக் காட்டி உழைப்புக்கு உண்டானதைத் தராமல் விடுவது நம் குழு கண்டுபிடித்தது இல்லை. பக்கத்தில் திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்துக்கு முன்னால் 2025 பிப்ரவரியிலிருந்து ஆஷா பணியாளர்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். வீடு வீடாக அலைந்து சுகாதார வேலை பார்க்கிற அந்தப் பெண்களைத் திட்டத்தில் தொண்டர்கள் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது சம்பளம், நாங்கள் கேட்பது வழிச்செலவு. இரண்டும் வேறு. ஆனால் கிடைக்கிற பதிலின் தொனி ஒன்றுதான். நிதி இல்லை என்றால் நிதி இல்லை என்று சொல்லுங்கள். கணக்கைக் காட்டுங்கள், எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கிறோம், மேடையில் இருக்கிற எல்லோருக்கும் பொன்னாடை போர்த்துகிறோம், நினைவுப் பரிசு கொடுக்கிறோம். சக்கர நாற்காலி கொடுத்தவர் பெயர் அதன் முதுகில் எழுதியிருக்கிறது. எழுதட்டும், நாற்காலி வந்தது நல்லது. பெயர் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டவர் கொடுத்த நாற்காலியிலும் நோயாளி வாசல் வரை வந்து வெளிச்சத்தைப் பார்க்கிறார். அந்த நியாயத்தை ஆட்டோ காசு கேட்டவருக்கும் கொடுங்கள்.

நீங்கள் தடுக்க வேண்டிய சுயநலம் ஒன்று இருக்கிறது. நோயாளியின் மேல் கை வைக்கிற சுயநலம் அது. உடம்பு மூட வழியில்லாமல் கிடக்கிறவரோடு நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. சாகக் கிடக்கிறவரிடம் நம் கடவுளைத் திணிப்பது. தேர்தல் சமயத்தில் அந்த வீட்டில் ஓட்டுக் கேட்பது. தனக்குத் தெரிந்த மருந்துக் கடைக்கும் லேபுக்கும் ஆள் பிடிப்பது. ஒரு வீட்டு நோயை அடுத்த வீட்டில் போய்ச் சொல்வது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் ஒரு கிழவரை மத்தியானம் முழுக்க வாசலைப் பார்க்க வைப்பது. இதில் ஒன்றுகூட உங்கள் அறிவிப்பில் இல்லை. இவற்றைச் செய்கிறவர்களும் 'தன்னலம் சிறிதும் இன்றி' என்று தாராளமாகக் கையெழுத்துப் போட்டுவிட முடியும்.

ஆகவே கேட்கிறேன்.

அந்த உறுதிமொழிக் கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கனவே வாங்கிய தாள்களைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், போட்டவர் போடாதவர் என்று யாரையும் பிரிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக நோயாளிக்குச் செய்யக் கூடாதவற்றை விதியாக எழுதுங்கள். அதில் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பஸ் காசையும் ஆட்டோ காசையும் மறுபடியும் கொடுங்கள். வேண்டாம் என்கிறவர்கள் வாங்காமல் இருக்கலாம். ஆனால் யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்ற பட்டியல் சுவருக்கோ கூட்டத்துக்கோ வரக் கூடாது. நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குச் சாயாவும் கடிக்க ஏதாவதும் இருக்கட்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் எந்த வீட்டில் என்ன குறை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

மாணவர்களுக்குச் சான்றிதழைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எத்தனை மணி நேரம் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று நம் நர்ஸ் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், அவர்கள் மனசைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம்.

குளச்சல் அக்காவின் வீட்டுக்கு நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் போங்கள். போனில் கூப்பிட வேண்டாம். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, திரும்ப வரச் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.

நிர்வாகக் குழுவில் வீடுகளுக்குப் போய்வருகிற தொண்டர்கள் இரண்டு பேருக்காவது இடம் கொடுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக, தினக்கூலிக்கு உழைக்கிறவராக இருக்கட்டும். வரவு செலவை மாதம் ஒரு முறை அதே சுவரில் ஒட்டுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை எனக்குத் தந்திருக்கிற வீடுகளுக்கு நான் வழக்கம்போல் போவேன், என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தாலும் போவேன். பெண்கள் படுத்திருக்கிற வீடுகளுக்கு மட்டும் இந்த வாரமே ஆள் ஏற்பாடு செய்யுங்கள், அது கூட்டம் வரை காத்திருக்காது.

இப்படிக்கு,
அருமனைப் பக்கத்து ரப்பர் வெட்டுத் தொழிலாளி,
உங்கள் குழுவின் தொண்டன்